முப்பரிமாணப் படிமமும் பதிப்பு நெறியும்: மென்பொருள் தெரிதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஊத்துக்கோட்டைக்குத் தெற்கே, கொற்றலையாற்றுப் படுகையில், அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் உளது. 1863ஆம் ஆண்டு மே மாதம் 30ஆம் நாள் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்த இராபர்ட் புரூஸ் ஃபுட், அவ்வாண்டிலேயே வில்லியம் கிங் என்பாருடன் இவ்வூர்க்கு வந்து கைக்கோடரிகள் பலவற்றைக் கண்டார். பின்னர், 1999 முதல் சாந்தி பப்புவும் அவர்தம் குழுவினரும் ஈண்டு நிகழ்த்திய அகழாய்வின் பயனாக, அக்கருவிகளுள் மிகப் பழையன ஏறத்தாழப் பதினைந்து இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையன என்பது 2011இல் வெளியிடப்பெற்றது. பூண்டியில் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை அமைத்துள்ள அகழ்வைப்பகத்தில் இவ்வட்டாரத்துக் கற்கருவிகளை இன்றும் காணலாம்.

இத்தகைய கருவியொன்றையோ, நடுகல் ஒன்றையோ, கோயிற் சுவரிலுள்ள கல்வெட்டையோ கணிப்பொறித் திரையில் எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்க்குமாறு முப்பரிமாணப் படிமமாக அமைத்தல் இக்காலத்து ஆராய்ச்சிக்கு உரிய கருவிகளுள் ஒன்றாயிற்று. இதனை மேற்கொள்ளும் ஆராய்ச்சி மாணவர் முதற்கண் வினவுவது, 'எம்மென்பொருளைக் கொள்வது?' என்பதே. இவ்வினாவிற்குப் பெரும்பாலும் கிடைக்கும் விடை, 'எது கண்ணுக்கு இனிய காட்சியைத் தருமோ அது' என்பதாகும். அவ்விடை திரைப்படத்தார்க்கும் விளம்பரத்தார்க்கும் முற்றும் பொருந்தும், ஆராய்ச்சியாளர்க்குப் பொருந்தாது. முப்பரிமாணப் படிமம் என்பது ஒரு பதிப்பு. ஏட்டுச் சுவடியிலிருந்து நூலைப் பதிப்பிப்போர், சுவடியில் உள்ளது இது, சிதைந்தது இது, தாம் ஊகித்துச் சேர்த்தது இது எனப் பிரித்துக் காட்டக் கடமைப்பட்டவர். கல்லினின்று படிமம் ஆக்குவோர்க்கும் அக்கடமை உண்டு. அதனை நிறைவேற்ற எம்மென்பொருள் இடந்தருகின்றது என்பதை வைத்தே தெரிவு அமைதல் வேண்டும் என நாம் கருதுகின்றோம்.

முதலில் சொற்பொருளைத் தெளிவாக்கிக் கொள்வோம். உருவமைத்தல் என்பது ஒரு பொருளின் வடிவத்தை எண்களாகக் கணிப்பொறியுள் வைத்தல். ரெண்டரிங் எனப்படும் ஒளியாக்கம், அவ்வடிவத்தின்மீது ஒளி விழுந்தால் அது எவ்வாறு தோன்றும் என்பதைக் கணக்கிட்டுப் படமாகத் தருதல். முன்னது நூலின் பாடத்தை ஒக்கும். பின்னது அச்செழுத்தின் அழகையும் தாளின் வெண்மையையும் ஒக்கும். இவ்விரண்டும் ஒரே மென்பொருளுள் ஒருங்கே அமைந்திருத்தலால், கற்போர் இவற்றை வேறுபடுத்திக் காண்பதில்லை. பல பிழைகளுக்கு மூலம் இதுவே.

மென்பொருள்கள் மூன்று குலத்தன. ஊத்துக்கோட்டையினின்று கும்மிடிப்பூண்டிச் சிப்காட் ஆலைகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர் கற்றுக்கொள்ளும் ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ் முதலியன ஆலைக் குலத்தைச் சார்ந்தவை. இலவசமாகக் கிடைக்கும் ஃப்ரீகேட் என்பதும் அக்குலத்ததே. இவற்றில் ஓர் உருளை என்பது இவ்வளவு ஆரமும் இவ்வளவு நீளமும் உடையது என்னும் வரையறை. துளையின் அளவை மாற்றினால் அதனைச் சார்ந்த பிறவும் தாமே மாறும். மனிதன் கருதிச் செய்த ஒழுங்கான வடிவங்கட்கு இவை மிகவும் ஏற்றவை. கல்லுடைத்துச் செய்த கோடரிக்கோ, மழையில் தேய்ந்த துவாரபாலகர்க்கோ இத்தகைய வரையறை இல்லை. ஆட்டோகேட் அறிந்த மாணவர் அதனைக் கொண்டே கற்கருவியை அமைக்க முயலின் காலம்தான் வீணாகும்.

இரண்டாவது, திரைப்படக் குலம். மாயா, த்ரீடிஎஸ் மேக்ஸ், ஹூடினி, சினிமா ஃபோர்டி, பிளெண்டர் ஆகியன இதன்பாற்படும். இவற்றில் வடிவம் என்பது முக்கோணங்களாலும் நாற்கோணங்களாலும் ஆகிய வலை. எத்துணைக் கோணலான பொருளும் அவ்வலையுள் அடங்கும். மூன்றாவது, அளவைக் குலம். ஒளிப்படங்களிலிருந்து வடிவத்தை மீட்கும் மெட்டாஷேப், மெஷ்ரூம் என்பனவும், வலையைச் சீர்செய்யும் மெஷ்லேப், புள்ளித் தொகுதிகளை ஒப்பிட்டு அளக்கும் கிளவுட்கம்பேர் என்பனவும் இக்குலத்தின. ரைனோ என்பது முதலிரண்டு குலத்திற்கும் இடைப்பட்டது. விமானத்தின் வளைவுகளை நுண்ணிய வளைகோடுகளாக வரைய விழைவோர்க்கு அது நன்று.

கைக்கோடரிக்கு வருவோம். அதன் ஆராய்ச்சிப் பொருண்மை முழுதும் அதன் மேற்பரப்பில் உள்ள சில்லு வடுக்களிலும், இரு வடுக்கள் கூடும் விளிம்புகளிலும் அமைந்துள்ளது. எவ்வடு முன்னது, எது பின்னது, எத்திசையினின்று அடி விழுந்தது என்பனவற்றை அவ்விளிம்புகளே உணர்த்தும். கருவியைச் சுழல்மேடைமீது வைத்து, ஒன்றையொன்று பெரிதும் தழுவுமாறு பல ஒளிப்படங்கள் எடுத்து, பின் கவிழ்த்து வைத்து மீண்டும் எடுத்தால், படங்களிற் பொதுவாகக் காணும் புள்ளிகளைக் கொண்டு மென்பொருள் அவற்றின் இடத்தைக் கணக்கிட்டுவிடும். இவ்வட்டாரக் கருவிகள் குவார்ட்சைட் கல்லால் ஆனவை. பளபளப்பற்ற அக்கல் இம்முறைக்கு இணக்கமானது. செப்புத் திருமேனியோ இணங்காது. அதன்மீது தோன்றும் ஒளிப்புள்ளிகள் காண்போன் நகரத் தாமும் நகர்தலின், மென்பொருள் அவற்றை உண்மைப் புள்ளிகளாகக் கொண்டு மயங்கும்.

இங்ஙனம் பெற்ற வலையைத் திரைப்பட மென்பொருளுள் திறந்தவுடன் பலர் செய்வது ஒன்றுண்டு: மேற்பரப்பை மென்மையாகக் காட்டும் கட்டளையைத் தட்டுதல். 1970களில் கூரோ, போங் என்பார் வகுத்த முறைகளின் வழிவந்தது இது. முக்கோணங்களின் எல்லை தெரியாதபடி ஒளியைச் சராசரி செய்து பரப்பும். மனித முகத்திற்கு இது வரம்; கைக்கோடரிக்கோ சாபம். எவ்விளிம்பு ஆராய்ச்சிக்கு உயிரோ அவ்விளிம்பையே இது மழுக்கிவிடும். வலையில் விளிம்பு அழியாதிருக்கவும் படத்தில் அது காணாமற் போகின்றது. இதற்கு மறுதலையாக, நார்மல் மேப் எனப்படும் உத்தி தட்டையான பரப்பின்மீதும் பள்ளமேடுகள் இருப்பதுபோற் காட்டும். படத்திற் காணும் வடு வலையில் இராது. இவை மென்பொருளின் குற்றமல்ல. குறைந்த கணக்கில் நிறைந்த தோற்றம் தருதலே அதனை ஆக்கியோரின் நோக்கம். ஆராய்ச்சிப் படிமத்தில் இவ்விரண்டையும் விலக்கி, முக்கோணங்களை உள்ளவாறே காட்டி, நிறப்படத்தை நீக்கிய சாம்பல் நிறப் படமொன்றையும் உடன் வெளியிடுதல் வேண்டும். நிறம் கண்ணை ஏமாற்றும். கல்லின் கறையை வடு எனக் கொள்வதற்கு இடமுண்டு.

கற்கருவி வரைவோர் ஒளி இடப்புற மேற்பக்கத்தினின்று வருவதாகக் கொண்டு வரைதல் நெடுநாள் மரபு. பிளெண்டரில் அவ்வாறே விளக்கை அமைத்து, தூரத்திற்கேற்பச் சிறுத்துக் காட்டாத இணைநோக்குப் படக்கருவியைத் தெரிந்து, அளவுகோலையும் உடன் வைத்துப் படம் எடுக்கலாம். அப்படத்தைப் பழைய கோட்டுருவங்களோடு அருகருகே வைத்து ஒப்பிடல் இயலும். தூரநோக்குப் படத்தில் அஃது இயலாது.

மென்பொருள் தானே செய்யும் திருத்தம் ஒன்றைப் பற்றி ஈண்டுச் சற்று விரித்துரைத்தல் தகும். ஒளிப்படம் எட்டாத இடங்களில் வலையில் துளை விழும். 2006இல் கஷ்தான், பொலித்தோ, ஹோப் என்னும் மூவர் வெளியிட்ட பாய்சான் முறை, புள்ளிகள் அனைத்தையும் தழுவித் துளையற்ற மூடிய பரப்பொன்றைத் தரும். மெஷ்லேபில் இதனை ஒரே கட்டளையாற் செய்யலாம். விளைவு மிக நேர்த்தியானது. ஆயின் துளை இருந்த இடத்தில் இப்போது உள்ள பரப்பு எவரும் காணாதது. கணக்கு இட்டு நிரப்பியது. சிதைந்த ஏட்டில் விடுபட்ட சீரைத் தாமே யாத்துச் சேர்த்து, சேர்த்ததைக் குறியாது விட்ட பதிப்பை நாம் எவ்வாறு மதிப்போம்? உ. வே. சாமிநாதையர் பதிப்புகளை இன்றும் நாம் நம்பிக் கையாளுதற்குக் காரணம் அவர் பாட வேறுபாடுகளைக் காட்டிய முறையன்றோ! நல்வாய்ப்பாக, மெஷ்லேபில் ஒவ்வொரு முனையையும் அதனைச் சூழ்ந்த புள்ளிகளின் செறிவை வைத்துப் பிரித்தெடுக்கலாம். சான்று அருகிய பகுதியை வேறு நிறமாக்கலாம், அன்றி வெட்டி நீக்கலாம். மிகச் சிலரே இதனைச் செய்கின்றனர்.

கல்வெட்டாளர்க்கு மெஷ்லேபில் மற்றுமொரு பயன் உண்டு. மேடு பள்ளங்களை மிகுத்துக் காட்டும் ரேடியன்ஸ் ஸ்கேலிங் என்னும் ஒளியமைப்பு, தேய்ந்த எழுத்துகளை வாசித்தற்குத் துணை செய்யும். மைப்படி எழுத்தின் வடிவைத் தரும். அதன் ஆழத்தைத் தராது. உளியால் வெட்டிய கோட்டையும் கல்லின் இயற்கைப் பிளவையும் பிரித்தறிய ஆழமே கருவி. எனினும், தட்டையான சுவரில் உள்ள கல்வெட்டு ஒன்றே வேண்டுமாயின் முப்பரிமாணப் படிமம் மிகைச் செலவு என்றே கூறுவோம். படக்கருவியை அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் பல இடங்களினின்று காட்டி எடுத்த படங்களைத் தொகுக்கும் முறையை டாம் மால்ஸ்பெண்டர் 2001இல் வெளியிட்டார். குறைந்த உழைப்பில் அது போதிய விடையைத் தரும்.

இனி அளவு பற்றிய செய்தி. ஒளிப்படங்களிலிருந்து பெற்ற வடிவத்திற்கு உருவம் உண்டேயன்றி அளவு இல்லை. பதினைந்து சென்டிமீட்டர்க் கோடரியும் பதினைந்து மீட்டர்க் குன்றும் மென்பொருளுக்கு ஒன்றே. அளவுகோலொன்றைப் படத்தில் வைத்து அதன் நீளத்தைக் கூறினால்தான் அது வேறுபாடறியும். கூறிய பின்னரும், ஓபிஜே, எஸ்டிஎல், பிஎல்ஒய் ஆகிய கோப்பு வடிவங்கள் எண்ணை மட்டும் கொள்ளுமேயன்றி அவ்வெண் மீட்டரா மில்லிமீட்டரா என்பதைக் கூறா. ஜிஎல்டிஎஃப் என்னும் பிற்கால வடிவம் மீட்டர் என்று வரையறுத்தது. அது 2022இல் பன்னாட்டுத் தர அமைப்பின் ஏற்பையும் பெற்றது.

இதனினும் நுண்ணியதொரு பிழை, அகழ்குழியின் நில ஆயங்களோடு படிமத்தை இணைக்கும்போது நேரும். ஊத்துக்கோட்டை நிலநடுக்கோட்டினின்று ஏறத்தாழ 14,74,000 மீட்டர் வடக்கே உள்ளது. யூடிஎம் முறையில் அவ்வெண்ணே அதன் வட ஆயம். திரைப்படக் குல மென்பொருள்கள் முனைகளின் இடத்தை ஒற்றைத் துல்லிய எண்ணாகவே பெரிதும் சேமிக்கின்றன. அவ்வகை எண்ணில், ஏறத்தாழப் பத்தரை இலட்சத்திற்கும் இருபத்தொரு இலட்சத்திற்கும் இடைப்பட்ட மதிப்புகளில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடையே 0.125 மீட்டர் இடைவெளி உண்டு. பன்னிரண்டரை சென்டிமீட்டர் என்பது ஏறத்தாழ ஒரு கோடரியின் நீளம்! ஆயத்தோடு கூடிய படிமத்தை அப்படியே பிளெண்டருள் கொணர்ந்தால் கோடரியின் முனைகள் யாவும் ஓரிரு கோடுகளில் நசுங்கிவிடும். கிளவுட்கம்பேர் இந்நிலையை முன்னுணர்ந்து, பெரிய எண்ணைக் கழித்து வைக்கலாமா என்று தானே வினவும். கழித்ததை நினைவிற் கொண்டு, சேமிக்கும்போது மீண்டும் கூட்டும். அளவைக்கென ஆக்கியதற்கும் காட்சிக்கென ஆக்கியதற்கும் உள்ள வேறுபாடு இவ்வொரு செயலில் விளங்கும். ஆதலின் அளத்தலைக் கிளவுட்கம்பேரிலும் காட்டலைப் பிளெண்டரிலும் செய்க என்கின்றோம்.

திரைப்படக் குலத்துள் மாயாவையோ த்ரீடிஎஸ் மேக்ஸையோ கொள்ளாது பிளெண்டரைக் கொள்வது ஏன் என்று வினவலாம். விலை ஒரு காரணமே, முதன்மையான காரணமன்று. அவ்விரண்டையும் விற்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனம் மாணவர்க்கும் ஆசிரியர்க்கும் அவற்றை இலவசமாகவே தருகின்றது. ஆயின் 2016 முதல் அது நிலையுரிமம் விற்பதை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறியது. சந்தா முடிந்தால் கோப்பு உம்முடையது, திறவுகோல் உம்முடையதன்று. சாஃப்ட்இமேஜ் என்னும் மென்பொருளின் வரலாறு இங்கு நினைக்கத்தக்கது. 1986இல் மான்ட்ரியலில் தானியேல் லாங்லுவா நிறுவிய அது, 1993இல் வெளிவந்த ஜுராசிக் பார்க் படத்தில் விலங்குகளை இயக்கப் பயன்பட்ட பெருமையுடையது. 1994இல் மைக்ரோசாஃப்ட்டும், 1998இல் ஏவிட்டும், 2008இல் ஆட்டோடெஸ்க்கும் அதனை அடுத்தடுத்து வாங்கினர். 2014இல், அடுத்த வெளியீடே இறுதி என அறிவிப்பு வந்தது. அதன் கோப்புகளில் ஆராய்ச்சித் தரவை வைத்திருந்தவர் நிலையை எண்ணிப் பார்க்க. கரையான் அரித்த ஏடாவது சில வரிகளைக் காட்டும். திறவாத கோப்பு ஓரெழுத்தும் காட்டாது.

பிளெண்டரும் அத்தகைய முடிவை ஒருகால் எய்தவிருந்ததே. 1990களில் நெதர்லாந்தில் தான் ரோசந்தால் உருவாக்கிய அதனை வைத்திருந்த நிறுவனம் 2002இல் மூடப்பெற்றது. ஒரு இலட்சம் யூரோ கொடுத்தால் மூலநிரலைத் திறந்து விடுவதாக முதலீட்டாளர் இசைந்தனர். பயன்படுத்துவோர் ஏழு வாரத்தில் அத்தொகையைத் திரட்டினர். அவ்வாண்டு அக்டோபர் முதல் அது எவரும் எடுத்துத் திருத்தக்கூடிய பொதுவுடைமை ஆயிற்று. அதன் கோப்பமைப்பில் மெச்சத்தக்க ஒன்றுண்டு: ஒவ்வொரு கோப்பும் தன்னுள் உள்ள தரவின் அமைப்பை விளக்கும் குறிப்பையும் உடன் தாங்குகின்றது. நூலோடு அதன் இலக்கணத்தையும் ஒரே சுவடியிற் கட்டியது போன்றது இது. ஆதலின் மிகப் பழைய கோப்பின் வடிவத்தையும் புதிய பதிப்பு பெரும்பாலும் படித்துவிடும்.

பெரும்பாலும் என்றது ஏனெனில், வடிவம் நிலைத்தாலும் தோற்றம் நிலைப்பதில்லை. 2019இல் வந்த 2.80ஆம் பதிப்பில் பழைய ஒளியாக்கி முற்றும் நீக்கப்பெற்று, விரைவுக்கு ஈவீ என்பது புகுந்தது. 2011 முதல் உள்ள சைக்கிள்ஸ், கஜியா என்பார் 1986இல் வகுத்த ஒளியாக்கச் சமன்பாட்டைத் தழுவி ஒளிக்கதிர்களின் வழியைப் பின்பற்றிக் கணக்கிடுவது. மெதுவானது, உண்மைக்கு நெருங்கியது. பழைய ஒளியாக்கிக்கென அமைத்த விளக்கும் வண்ணமும் புதியவற்றில் அவ்வாறே தோன்றா. எனவே பிளெண்டர்க் கோப்பையே மூலப்படியாகக் கொள்ளுதல் தவறு. ஸ்டான்ஃபோர்டில் தோன்றிய பிஎல்ஒய் என்னும் எளிய வடிவிலேயே மூலத்தை வைத்தல் நன்று. அதனை வெற்றெழுத்துக் கோப்பாகவும் எழுதலாம். எம்மென்பொருளும் இல்லாத காலத்தும் ஒருவர் அதனைக் கண்ணாற் படித்து விளங்கிக்கொள்ள முடியும்.

ஒளிப்படங்களிலிருந்து வடிவம் மீட்பதில் மட்டும் விலையில்லாதனவே சிறந்தன என்று கூற மனம் ஒப்பவில்லை. மெட்டாஷேப் விலையுடையது, ஆயினும் எத்தனை படங்கள் இணைந்தன, பிழை எத்துணை, எவ்வெவ் அமைப்புகள் கொள்ளப்பெற்றன என்பனவற்றை அறிக்கையாக அது தருகின்றது. அவ்வறிக்கை பதிப்புரைக்கு நிகரானது. மெஷ்ரூம் இலவசம், அதன் படிநிலைகள் வரைபடமாகக் கண்முன் நிற்றலால் கற்பிப்பதற்கு மிக நன்று. ஆயின் அடர்ந்த வலை ஆக்க என்விடியா நிறுவனத்தின் வரைகலை அட்டை அதற்கு இன்றியமையாதது. துறையில் உள்ள கணிப்பொறியை முதலிற் பார்த்துப் பின் முடிவு செய்க. எதைக் கொண்டாலும் மூல ஒளிப்படங்களை அழித்தலாகாது. நாளை வரும் மென்பொருள் அவற்றினின்று இன்றினும் செவ்விய வடிவத்தைத் தரும்.

ஊகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியது இன்னும் உண்டு. கீழடிக்கு அண்மையிலுள்ள கொந்தகைத் தாழிகளிற் கிடைத்த இரு ஆடவர் மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் அமைத்த முகங்கள் 2025இல் வெளிவந்தன. தமிழர் பலரும் அம்முகங்களை நெடுநேரம் நோக்கியிருப்பர். எலும்பின் வடிவம் முகத்தின் அகலத்தையும் தாடையின் அமைப்பையும் பெரிதும் வரையறுக்கும். தோலின் நிறம், விழியின் நிறம், தலைமயிரின் வகை என்பன எலும்பின் வடிவால் மட்டும் அறியத்தக்கன அல்ல. ஒளியாக்கமோ இவ்விரு கூற்றையும் ஒரே தெளிவோடு காட்டும். எழுத்தில் 'போலும்' என்றோ 'ஆகலாம்' என்றோ ஐயத்தைக் குறிக்க இயல்கின்றது. படத்தில் அத்தகைய இடைச்சொல் இல்லை. 2006இல் முதன்முதல் வகுக்கப்பெற்ற இலண்டன் சாசனம், பண்பாட்டுச் செல்வங்களைக் கணிப்பொறியால் காட்சிப்படுத்துவோர் சான்று எது, ஊகம் எது என்பதைப் புலப்படுத்த வேண்டும் என்று கூறுவது இக்குறையை நோக்கியே. பிளெண்டரில் இதற்கு எளிய வழி உண்டு. அளந்து பெற்ற பகுதி ஒரு தொகுப்பு, ஒப்புமையால் நிரப்பியது ஒரு தொகுப்பு, கற்பனை ஒரு தொகுப்பு எனப் பிரித்து வைத்து, ஒவ்வொன்றிற்கும் தனி நிறம் தந்து ஒரு படமும், இயற்கை நிறத்தில் ஒரு படமும் ஆக்கி இணையாக அச்சிடலாம்.

ஊத்துக்கோட்டையை அடுத்து, ஆந்திர எல்லைக்குள் அமைந்த சுருட்டப்பள்ளியில் சிவபெருமான் பள்ளிகொண்ட கோலத்தில் எழுந்தருளியுள்ளார். இத்தகைய கோயிலுக்குப் படிமம் ஆக்குவோர் மதிலையும் விமானத்தையும் மண்டபத் தூண்களையும் உரிய இசைவு பெற்று அளக்கலாம். கருவறையுள் ஒளிப்படம் எடுத்தல் வழிபாட்டு மரபுக்கு ஒவ்வாது. அவ்விடத்தைப் பாய்சான் முறையால் மூடிவிடுவதோ, பிறர் வரைந்த ஓவியத்தைப் பார்த்துச் சிற்பமொன்றை உருவாக்கி உள்ளே வைப்பதோ எளிது. வலையில் அஃது ஒரு துளையாகவே நிற்கட்டும். துளையின் விளிம்பை ஒரு கோட்டாற் காட்டி, ஈண்டு அளவை இல்லை என்று கோப்பின் குறிப்பில் எழுதுக.